புன்னையில் கட்டிய மஞ்சள் துணி

வானம் கறுத்தால் எனக்குப் பயம். இப்போது கொஞ்சம் பரவாயில்லை. அந்த ஒரு வருடம் முழுக்க, மதியத்துக்கு மேல் மலைப் பக்கமிருந்து கறுப்பு எழும்பினால் போதும், கையில் கரண்டி இருந்தால் கரண்டியைப் போட்டுவிட்டு, துணி இருந்தால் துணியைப் போட்டுவிட்டு முன்னறைக்கு ஓடுவேன். ஓடிப்போய் என்ன செய்வாய் என்று கேட்டால், ஒன்றும் செய்ய மாட்டேன். நிமிர்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கூரைக்கு மேலே கிளை. கூரைக்குக் கீழே கட்டிலில் என் வீட்டுக்காரர்.

பக்கவாதம் அவருடைய வலது கையையும் வலது காலையும் பேச்சையும் ஒரே காலையில் எடுத்துக்கொண்டது. நாம் சொல்வது ஓரளவு விளங்கும். பதில்தான் வராது. தலையாட்டுவதையும் நம்ப முடியாது. ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் மாற்றி மாற்றி ஆட்டுவார், கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். வாயைத் திறந்தால் முனகல் வரும். அந்த முனகலைக் கேட்டு அவருக்கே ஆத்திரம் வரும், உடனே இடது கையால் கட்டில் கம்பியை டங் டங்கென்று தட்டுவார். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதே தட்டு, ஈ மொய்த்தாலும் அதே தட்டு. எது எதற்கு என்று கண்டுபிடிப்பது என் வேலை. பள்ளிக்கூட அலுவலகத்தில் இத்தனை வருடம் தட்டச்சு அடித்து ஓய்வு பெற்றவளுக்கு இது ஒரு புது உத்தியோகம்.

அவரை வேறு அறைக்கு மாற்றினால் என்ன என்று கேட்காத ஆளில்லை. கேட்பதற்குக் காசா பணமா? எங்களுடையது பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு சந்துக்குள் இருக்கும் மாடியில்லாத பழைய மூலை வீடு. முன்னறை, அதை ஒட்டி ஹால், ஹாலைத் தாண்டினால் ஒரு ஆள் மட்டும் நடக்கிற நடை, அப்புறம் இரண்டு படி இறங்கி அடுப்படி. கம்பி வைத்த ஆஸ்பத்திரிக் கட்டில் அந்த நடையில் திரும்பாது. ஹாலில் போட்டுப் பார்த்தோம். கிளை ஹாலுக்கு மேலேயும்தான் நீண்டிருந்தது. தரையில் மெத்தை விரித்தால் அவரை எழுப்ப இன்னொரு ஆள் வேண்டும், மனுஷர் அவ்வளவு கனம். மகள் கடலுக்கு அந்தக் கரையில், பத்து காவான் என்ற ஊரில் இருக்கிறாள், அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. அவள் வீடு அடுக்குமாடியில், ஒரே ஒரு படுக்கையறை. பாலம் தாண்டிப் போவதற்குள் டாக்சிக் காடியில் இவர் ஒரு பக்கமாகச் சரிந்துவிடுவார். கை கால் பயிற்சி கொடுக்கும் ஃபிசியோவும் ஆஸ்பத்திரியும் தீவில். ஆகவே முன்னறைதான். சன்னலுக்கும் அவர் கட்டிலுக்கும் நடுவில் என்னுடைய மடக்குக் கட்டில். அந்தப் பக்கம்தான் அவருடைய நல்ல கை இருந்தது. அசைந்தால், தட்டினால், எனக்கு உடனே தெரிய வேண்டும்.

மரம் புன்னை. மலாய்க்காரர்கள் பெனாகா என்பார்கள். எங்கள் வீட்டைக் கட்டுவதற்கு முன்பிருந்தே அங்கே நிற்கிறது. இலை எண்ணெய் தடவியதுபோல மின்னும், வெள்ளைப் பூ வாசலெல்லாம் கொட்டும், கோலிக்குண்டு மாதிரி காய் தகரத்தில் விழுந்து டக்கென்று சத்தம் போடும். புன்னை நேராக வளராது. சாய்ந்து, கைகளை அகல விரித்து வளரும். அதன் கைகளில் ஒன்று எங்கள் முன்னறைக்கு மேலே வந்துவிட்டது. என் இடுப்புப் பருமன் இருக்கும், நான் ஒன்றும் ஒல்லி இல்லை.

வெட்டிவிட வேண்டியதுதானே? அங்கேதான் விஷயம். எங்கள் பக்கத்து விதிப்படி, இந்த மண்ணுக்கே உரிய மரம் என்று கணக்கில் வந்துவிட்டால், அது உன் வாசலில் உன் தண்ணீரைக் குடித்து வளர்ந்திருந்தாலும் உன் இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது. காய்ந்த குச்சியை ஒடிக்கலாம். வழியை மறிக்கும் சின்னக் கொப்பைக் கழிக்கலாம். பெரிய கிளையில் வாள் வைக்க வேண்டுமானால் மஜ்லிஸிடம் கேட்க வேண்டும். நகராட்சியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர்கள் வந்து பார்த்து, அளந்து, பெர்மிட் கொடுத்து, அவர்களிடம் பதிந்த ஆள்தான் வெட்ட வேண்டும். மீறினால் அபராதம், கோர்ட்டு. நல்ல விதிதான், நான் குறை சொல்லவில்லை. அது இல்லையென்றால் இந்தத் தீவில் இன்னேரம் ஒரு மரமும் மிஞ்சியிருக்காது.

மரத்தில் அவருக்கு உயிர். நடமாடிக்கொண்டிருந்த காலத்தில் பக்கத்துக் காலி நிலத்தில் வீடுகள் கட்ட ஒரு கூட்டம் வந்தது. புன்னை அவர்களுக்கு இடைஞ்சல். வெட்ட முடியாது என்று அவர்களுக்கும் தெரியும். ஆனால் எல்லை தாண்டி வந்த கொப்புகளைக் கழிக்கிறோம் என்ற சாக்கில் ஒரு பக்கத்தை மொட்டையடித்துவிட்டால் மரம் தானாகச் சாகும், அப்புறம் செத்த மரத்துக்கு யார் கேட்பார்கள்? இவர் துறைமுக ஆபிசில் குமாஸ்தாவாக இருந்தவர், யோசனைக்குக் குறைவில்லை. ஒரு நாள் பாசாருக்குப் போய் மீனுக்குப் பதில் இரண்டு முழம் மஞ்சள் துணியோடு திரும்பி வந்தார்.

சாமி நம்பிக்கை என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. என்னோடு கோயிலுக்கு வந்தால் உள்ளே நுழையாமல் செருப்புக்குக் காவல் நிற்பார். அப்பேர்ப்பட்ட மனுஷர் வெற்றுடம்போடு மரத்தடியில் நின்று, துணியைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டு, குங்குமம் அப்பி, கீழே மூன்று எலுமிச்சம்பழத்தையும் வைத்தார்.

"என்னாங்க இது கூத்து?" என்றேன்.

"சட்டத்துக்குப் பயப்படாதவன் இருப்பான். இதுக்குப் பயப்படாதவன் பினாங்குல கெடையாது. இருந்து பாரு."

"சாமி விஷயத்துல விளையாடாதீங்க."

"சாமி வந்தா வாடகை வாங்கிக்கலாம்லா," என்று சிரித்தார்.

அவர் சொன்னபடியே ஆனது. வெட்ட வந்தவர்கள் துணியைப் பார்த்தார்கள், கும்பிட்டார்கள், மெஷினை லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதோடு முடிந்திருந்தால் நல்லது. அடுத்த வீட்டுச் சீனத்து அம்மாள் ஊதுபத்தியும் ஆரஞ்சுப் பழமும் கொண்டுவந்து வைக்கத் தொடங்கினார். அவருக்கு அது டத்தோ, மண்ணைக் காக்கும் சாமி. சுங்கை பினாங் பக்கமிருந்து நம் ஆட்கள் சூடம் கொளுத்த வந்தார்கள். யாருக்கோ லாட்டரியில் நாலு நம்பர் அடித்துவிட்டதாம், அப்புறம் கேட்கவே வேண்டாம். எங்கள் கேட்டுக்கு வெளியே செருப்புகள். செருப்புக்குக் காவல் நிற்கும் பழக்கம் இவருக்கு ஏற்கனவே இருந்ததால் வசதியாகப் போயிற்று என்று நான் கிண்டல் செய்வேன்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது பக்கம். துணியைச் சுற்றி முடிச்சை இறுக்கிய அந்த வலது கை.

இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. டாக்டர் இரத்தக் கொதிப்பு என்றார், சர்க்கரை என்றார், நானும் தலையாட்டினேன். ஆனால் அவர் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத் துடைக்கும்போதெல்லாம் மரத்தடியில் அவர் சிரித்த சிரிப்பு ஞாபகம் வரும். சாமி வந்துவிட்டதோ? வந்து வாடகையை எடுத்துக்கொண்டதோ? பகலில் பத்துப் பேர் இருக்கும்போது எனக்கே இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். தனியாக இருக்கும்போது தெரியாது.

கிளை அதற்குப் பிறகு இன்னும் தாழ்ந்தது. முன்பெல்லாம் கூரையிலிருந்து எட்டி நிற்கும். இப்போது காற்றடித்தால் தகரத்தில் உரசும். கர்ர்ர் என்று ஒரு சத்தம், பல் கூசும். அந்தச் சத்தம் வந்தால் இவர் கம்பியைத் தட்டத் தொடங்குவார். சன்னல் பக்கமாகக் கையை ஆட்டுவார், முனகுவார், முகமெல்லாம் சிவந்துவிடும்.

"மரத்த வெட்டக் கூடாதுங்கிறீங்களா?" என்று கேட்டேன் ஒரு நாள்.

இன்னும் பலமாகத் தட்டினார்.

சரி, இதுதான் விஷயம் என்று முடிவு கட்டிக்கொண்டேன். கிளையைப் பற்றி மகளிடம் நான் போனில் புலம்பியதைக் காதில் வாங்கியிருக்கிறார், அதுதான் கோபம். தன் தலைமேல் விழப்போகிற கிளைக்கு வக்காலத்து வாங்கும் மனுஷரை என்ன செய்வது!

மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது கிளையை அண்ணாந்து பார்த்து அரண்டுபோனாள். "ம்மா, ஒரு ஆளப் புடிச்சு வெட்டிருவோம். யாரு பாக்கப்போறா?"

"நூறு பேரு வந்து கும்பிடுற மரம்டீ. யாரு பாக்கப்போறாங்கிற?"

"அப்பா மேல விழுந்தா?"

கோர்ட்டுப் படியேற எனக்குப் பயம். நான் உள்ளே போய்விட்டால் இவருக்கு யார் வாயில் கஞ்சி ஊட்டுவது? மகளை அனுப்பிவிட்டு, மறுநாளே மஜ்லிஸுக்குப் போய் முறைப்படி எழுதிக் கொடுத்தேன். இவரிடம் சொல்லவில்லை.

பார்க்க வந்தவள் தலைக்கு முக்காடு போட்ட சின்ன வயது மலாய்ப் பெண். அடிமரத்தை நாடாவால் அளந்தாள், கிளையின் அடியில் நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள், சன்னல் வழியாகக் கட்டிலைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து, "தாக்குட் கா, மக்சிக்?" என்றாள். பயமா இருக்கா அம்மா என்று அப்படிக் கேட்க எனக்கு அதுவரை ஒருவருமில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த ஒரு கிளையை மட்டும் எடுக்கலாம், மரத்தின் தலையைத் தொடக் கூடாது, அடிமரத்தை ஒட்டி அறுக்காமல் கிளை புடைத்துக் கிளம்பும் வளையத்தை விட்டுவிட்டு அறுக்க வேண்டும், அப்போதுதான் மரம் காயத்தை மூடிக்கொள்ளும் என்று பொறுமையாக விளக்கிவிட்டுப் போனாள். பெர்மிட்டும் வந்தது. குறிப்பிட்ட காலத்துக்குள் வெட்டியாக வேண்டும். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அவசரப்பட்டு விட்ட மூச்சு.

வெட்ட வந்தது நம் தமிழ் ஆள்தான், நாற்பது வயதிருக்கும், கூட இரண்டு பேர், லோரி, கயிறு, மெஷின் எல்லாம். கேட்டைத் திறந்து உள்ளே வந்தவர் மரத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"அக்கா, இது சாமி மரம்லா. சொல்லவே இல்லயே நீங்க."

"தம்பி, அது சாமியே இல்ல. என் வீட்டுக்காரர் பாசார்ல வாங்கின துணி. மரத்த வெட்ட வந்தவனுங்கள ஏமாத்துறதுக்காகக் கட்டினாரு."

"ஏமாத்துறதுக்கா? அப்ப இத்தன பேரு ஏன் கும்பிடுறாங்க? போன மாசம் புக்கிட் மெர்தாஜாம்லேர்ந்து எங்க மாமாவே வந்து நம்பர் கேட்டுட்டுப் போனாரு."

"அடிச்சுதா?"

"அடிக்கல. அதுக்காக சாமி இல்லன்னு ஆயிருமா?"

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். மஜ்லிஸ் பேப்பரைக் காட்டினேன். பேப்பரை மரியாதையாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "மஜ்லிஸ் விட்டுருச்சு. இது விடணுமே. துணி இருக்கிற வரைக்கும் நான் கை வைக்க மாட்டேங்க்கா."

"துணிதானே? இப்பவே நான் அவுத்துடுறேன்," என்று மரத்தை நோக்கி நடந்தேன்.

"ஐயோ, வேணாம்கா! கட்டினவங்கதான் அவுக்கணும். வேற ஆள் தொட்டா அவங்களுக்கு ஆவும், இல்லாட்டி வெட்டுறவனுக்கு ஆவும். எனக்கு மூணு பிள்ளைங்க."

வேலியோரம் நின்றிருந்த சீனத்து அம்மாளும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். அவர்கள் வழக்கமும் அதுதானாம். கும்பிட்டு அழைத்தவர் யாரோ அவரே சொல்லி அனுப்ப வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்தில் முடிச்சைப் பிடித்துவிட்டேன். பிடித்த கை நின்றுவிட்டது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவர் என்ன ஆவார்? அந்த நேரம் பார்த்து ஒரு காய் தகரத்தில் டக்கென்று விழுந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

"கட்டினவர் உள்ள படுத்திருக்கார், தம்பி," என்றேன்.

அவர் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். துவண்டு கிடந்த கையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "எந்தக் கையால கட்டினாருக்கா?" என்றார்.

நான் மட்டும்தான் இப்படி நினைக்கிறேன் என்று அதுவரை இருந்தேன். நான் வாயைத் திறக்காமலேயே இன்னொருவர் வாயிலிருந்து அது வந்துவிட்டது. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். லோரி பின்வாங்கிப் போகும் சத்தம் கேட்டது. பதிந்த ஆட்கள் இன்னும் சிலருக்குப் போன் போட்டேன். வீடு இருக்கும் சந்தைச் சொன்னதும் எல்லாரும் ஒரே கேள்விதான்: அந்த மஞ்சத் துணி மரமா?

இப்போது இக்கட்டைப் பாருங்கள். கட்டியவரே அவிழ்க்க வேண்டுமானால் இவரைத் தூக்கி அந்தக் கிளைக்கு நேர் கீழே கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். இவரோ வெட்டக் கூடாது என்று கம்பியைத் தட்டுகிறவர். அப்படியே சம்மதித்தாலும் மிச்சம் இருப்பது ஒரு கை. கட்டிய கை போனதுபோல் அவிழ்த்த கையும் போய்விட்டால்? அந்த ஒரு கையால்தான் அவர் கரண்டி பிடிக்கிறார், மீசையைத் தடவுகிறார், என்னை அதட்டுகிறார். அதுவும் போனால் அவரிடம் என்ன மிஞ்சும்? வேண்டாம், பெர்மிட் காலாவதி ஆனால் ஆகட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் விட்டேன், வானம் விடவில்லை. அந்த வாரமே ஒரு மதியம், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கடல் பக்கமிருந்து காற்று கிளம்பியது. மழை வருவதற்கு முன்னால் வருகிற அந்தக் காற்று. கொடியில் கிடந்த துணியெல்லாம் பறந்தது. முன்னறைக்கு ஓடினேன். கர்ர்ர் என்று உரசல், அப்புறம் உரசல் நின்று மேலே ஒரு முறிகிற சத்தம், விறகு பிளக்கிற மாதிரி. தகரம் ஓரிடத்தில் உள்வாங்கித் தூசி கொட்டியது. சன்னல் கண்ணாடி ஒன்று சிதறி என் மடக்குக் கட்டிலில் விழுந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று கத்திக்கொண்டு கட்டிலில் ஏறி அவர்மேல் கவிழ்ந்து படுத்துவிட்டேன். விழுந்தால் என் முதுகில் விழட்டும்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? இடது கையால் என் நெஞ்சில் வைத்துத் தள்ளினார். கட்டிலிலிருந்து கீழே தள்ளப் பார்த்தார். நான் விடாமல் பிடித்துக்கொள்ள, முகத்தில் அடித்தார். தொண்டையைக் கிழித்துக்கொண்டு கத்தினார். பெர்மிட் வாங்கிய விஷயம் தெரிந்துவிட்டது, அதற்குத்தான் இந்த வெறுப்பு என்று நினைத்தேன். அடி வாங்கிக்கொண்டே, "அடிங்க, நல்லா அடிங்க, ஆனா நான் எறங்க மாட்டேன்," என்று அழுதேன். காற்று எப்படி வந்ததோ அப்படியே போனது. கிளை விழவில்லை. கவட்டிலிருந்து ஒரு வெடிப்பு மட்டும் ஓடியிருந்தது, வெள்ளையாக.

அந்த வெடிப்பைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு பயம் மற்ற பயத்தையெல்லாம் விழுங்கிவிட்டது. கை போனால் கை. ஆள் இருக்க வேண்டும். அன்றே அந்த மரம் வெட்டும் தம்பிக்குப் போன் போட்டேன்.

"தம்பி, இடது கையால அவுத்தா சரியா?"

"அவரு கைதானேக்கா. எந்தக் கையா இருந்தா என்னா. நாளைக்கே வர்றேன்."

மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள். காலையில் அவர் முகத்தைத் துடைத்து, பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெர்மிட் வாங்கியதை, ஆள் வந்து திரும்பியதை, நீங்கள் கட்டின முடிச்சை நீங்களே அவிழ்த்தால்தான் உண்டு என்பதை. கம்பியைத் தட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தட்டவில்லை. சக்கர நாற்காலியைப் பார்த்தார், கையை நீட்டினார். இத்தனை நாள் வேண்டாம் வேண்டாம் என்றவர் இப்போது ஏன் இப்படிக் கிளம்புகிறார்?

வாசலில் இறக்கி மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். மேலே அந்த வெடித்த கிளை. நான் அண்ணாந்து பார்க்காமல் நடந்தேன். பார்த்தால் கால் நகராது. வெட்டுகிற தம்பி சூடம் ஏற்றினார். சீனத்து அம்மாள் ஆரஞ்சு வைத்தார். முடிச்சு வெயிலிலும் மழையிலும் கிடந்து கல்லாக இறுகியிருந்தது. இவர் இடது கை விரலால் நோண்டினார். நகம் வழுக்கியது. மறுபடி நோண்டினார். மகள் உதவிக்குக் கையை நீட்ட, நானும் அந்தத் தம்பியும் ஒரே நேரத்தில் "தொடாத!" என்று கத்தினோம். அவள் மிரண்டு நின்றாள். இவர் குனிந்து துணியைப் பல்லால் கடித்து இழுத்தார். மேலே இலைகள் சலசலத்தன. இது காற்றா, வெறும் அணிலா? முருகா முருகா என்று மனசுக்குள் எத்தனை தரம் சொன்னேனோ.

முடிச்சு விட்டுக்கொடுத்தது. துணி சரிந்து அவர் மடியில் விழுந்தது, நிறம் மங்கி, நைந்து. இவர் பாதி முகத்தால் சிரித்தார். அதே பழைய சிரிப்புதான், பாதி மட்டும். நான் சிரிப்பைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளையை எடுக்க மதியம் வரை ஆனது. அவரை ஹாலுக்குள் கொண்டுபோகாமல் தெருவோரம் நிழலில் வைத்துக்கொண்டோம். கயிற்றைக் கட்டி, அடியில் கொஞ்சம் அறுத்து, அப்புறம் மேலிருந்து அறுத்து, துண்டு துண்டாக இறக்கினார்கள். கடைசித் துண்டு கீழே வந்ததும் அந்தத் தம்பி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே பொந்து. கறுப்பாக, ஈரமாக. தன் கையை முழங்கை வரை உள்ளே விட்டு எடுத்தார்.

"இன்னொரு காத்துக்குத் தாங்காதுக்கா. விழுந்திருந்தா மொதல்ல இந்தச் சன்னல்லதான் விழுந்திருக்கும்."

ஆமாம் ஆமாம் என்றேன். அவர் சொன்னது முழுதாக மண்டையில் ஏறவில்லை. என் கண்ணெல்லாம் தெருவோரம், நாற்காலியின் கைப்பிடிமேல் கிடந்த அந்த இடது கைமேல். அவரை உள்ளே கொண்டுவந்து படுக்க வைத்த பிறகும் அதேதான். ஃபிசியோவுக்குச் செய்வதுபோல என் விரலை உள்ளங்கையில் கொடுத்து, "அமுத்துங்க" என்பேன். அமுக்குவார். தேநீர் போட்டுவிட்டு வந்து மறுபடியும் "அமுத்துங்க." அமுக்குவார். மகள் கிளம்பும்போது, "விடும்மா, அப்பா கை வீங்கிரும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் வானம் கறுத்தது. காற்று கிளம்பியது. பழைய வழக்கப்படி அடுப்படியிலிருந்து ஓடிவந்தேன். கூரையில் உரசல் இல்லை. மேலே வெறும் வானம். அப்பாடா என்று என் மடக்குக் கட்டிலில் உட்கார்ந்தேன்.

டங் டங் டங்.

இவர்தான். முகம் சிவந்து, அதே ஆத்திரம், சன்னல் பக்கம் அதே கையாட்டல். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிளைதான் போய்விட்டதே? இவர்தானே அவிழ்த்தார்? தண்ணீரா என்றேன். வலிக்குதா என்றேன். உடைந்த சன்னலுக்கு மகள் ஒட்டிவிட்டுப் போன அட்டை காற்றில் படபடத்தது. அவர் கையை நீட்டினார். முழுதாக நீட்டி, கம்பிக்கு வெளியே விட்டு, என் மடக்குக் கட்டிலின் விளிம்பைப் பிடித்தார். பிடித்துச் சன்னலிலிருந்து தன் பக்கமாக இழுத்தார். கட்டிலோடு நானும் ஒரு சாண் நகர்ந்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சன்னல்லதான் மொதல்ல விழுந்திருக்கும். சன்னலுக்கு நேர் கீழே இத்தனை மாதமாகப் படுத்திருந்தது நான். காற்று வந்தபோதெல்லாம் அவர் தட்டியது மரத்துக்காக இல்லை. அன்றைக்கு நெஞ்சில் கைவைத்துத் தள்ளியதும், அடித்ததும், நான் அவர்மேல் கவிழ்ந்து கிடந்தேனே, என்னை அங்கிருந்து இறக்கத்தான். நான் கூரையைப் பார்த்து இவருக்காகப் பயந்துகொண்டிருந்தேன். இவர் வாயில்லாமல் படுத்துக்கொண்டு எனக்காகப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

"ஐயோ, இதச் சொல்லத்தானா?" என்றேன். அவர் இழுப்பதை விடவில்லை.

எழுந்து, அவர் கட்டிலின் சக்கரப் பூட்டை எடுத்து, கட்டிலைச் சன்னல் பக்கம் தள்ளினேன். சுவருக்கும் அவருக்கும் நடுவே கிடைத்த இடத்தில் என் மடக்குக் கட்டிலைப் போட்டேன். இப்போது சன்னலோரம் அவர், உள்பக்கம் நான். அவர் தலையைத் திருப்பி நான் படுத்துவிட்டேனா என்று பார்த்தார். அந்தப் பக்கம் இருப்பது அவருடைய வலது கை; அது தட்டாது, இழுக்காது, என்னைத் தொடவும் செய்யாது. நான் அதை எடுத்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். வெளியே காற்று பலமாகவே அடித்தது. அவர் கம்பியைத் தட்டவில்லை.